கூப்பிட்டால் அடங்கும் உறுமல்

கணக்கு வாத்தியாரின் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கெட்ட புத்தி. காலையில் அவர் பாட்டுக் கேட்க உட்கார்ந்தால், உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று உறுமும். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினால் கப்சிப்பென்று அடங்கிவிடும். மாடியில் தலைமுடியைக் காயவைத்துக்கொண்டிருந்தவள் ஈரத்தலையோடு இறங்கி வந்து, இடுப்பில் கைவைத்து நிற்பாள். பெட்டி பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும். அவள் மேலே போனதும் தன் வேலையைக் காட்டும்.

மனுஷன் சும்மா இருப்பாரா? ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். அப்போதும் உறுமியது. ஆக, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் செம்பும்தான் அதிர்கின்றன. நடு போல்ட்டை இறுக்கினார், பிறகு தளர்த்தினார். அடியில் ரப்பர் வைத்தார். அது போதாதென்று மனைவியின் உடற்பயிற்சி விரிப்பில் ஒரு மூலையை வெட்டி வைத்தார். அதுதான் வினையாயிற்று.

"இல்லாத சத்தத்துக்கு என் விரிப்பை வெட்டுனீங்களா? ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான், பெட்டியை அவன்கிட்ட குடுத்துடறேன். உங்க காதை டாக்டர்கிட்ட காட்டிக்குவோம்" என்றாள்.

மச்சினனுக்கு அந்தப் பெட்டி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். பெட்டியும் போய், காதுக் கோளாறுக்காரர் என்ற பட்டமும் சேரப்போகிறதே என்று வாத்தியார் பெட்டியைத் தடவித் தடவிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் பெட்டியைச் சுற்றிக் கொண்டுபோகக் கம்பளியோடு வந்து சேர்ந்தான். அக்காள் மாடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி உறுமியது. வாத்தியார் அவன் தலையைப் பிடித்துப் பெட்டி மேல் அழுத்தினார்.

"கேக்குதா?"

"கேக்குது மாமா."

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டார். அவள் இறங்கி வருவதற்குள் உறுமல் நின்றுபோனது. தம்பிக்கும் தொற்றிக்கொண்டதா என்று கேட்டுவிட்டு அவள் மேலே போனாள். உறுமல் திரும்ப வந்தது. மச்சினன் மின்சார ஆபீசில் வேலை பார்ப்பவன். என்னவோ பொறி தட்ட, தோளில் கம்பளியோடு மாடிக்கு ஓடினான்.

அக்காளின் ஹேர் டிரையர் பாதிச் சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை வாங்கி முழுச் சூட்டில் வைத்தான். கீழேயிருந்து "நின்னுடுச்சு" என்று குரல் வந்தது. பாதிக்குத் தள்ளினான். "வந்துடுச்சு." பாதிச் சூட்டில் அது கரண்டின் ஒவ்வோர் அலையிலும் ஒரு பாதியைத்தான் இழுக்கும், அந்தக் கோணல் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒத்துக்கொள்ளாமல் உறுமுகிறது என்று, அக்காளையும் கீழே கூட்டிவந்து இருவருக்கும் அவன் விளக்கினான். அக்காள் அவன் கையிலிருந்த டிரையரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க கூப்பிட்டா, இதை அணைச்சுட்டுத்தானே கீழ வருவேன்" என்றாள் கடைசியில்.

மச்சினன் வெறும் கம்பளியோடு திரும்பிப் போனான். நான் சொன்னேனா இல்லையா என்று வாத்தியார் சாயங்காலம் வரை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரிப்புக்காரியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

மறுநாள் அவர் பாட்டில் மூழ்கியிருந்தார். சாப்பிட எப்போதும் நாலு தரம் கூப்பிடுகிறவள் அன்று குரலே கொடுக்கவில்லை. பாட்டின் நடுவே பெட்டி உறுமியது. திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். டிரையர் சமையலறைக்குக் குடிவந்திருந்தது. மனைவி அதைப் பாதிச் சூட்டில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டுக் கைகழுவப் போனார். காது நன்றாகக் கேட்கிறது என்று அவரே நிரூபித்த பிறகு, கேட்காத மாதிரி எப்படி உட்கார்ந்திருப்பது?