மண்டையோட்டுக்குத் துடக்கு

முகத்தைப் பார்த்தே ஆளின் ஏழு தலைமுறையையும் சொல்லிவிடலாம் என்பது என் கணவர் கனகரத்தினத்தின் நம்பிக்கை. முப்பத்திரண்டு வருடம் தபாற்கந்தோரில் கம்பி வலைக்குப் பின்னால் இருந்து முகம் பார்த்தவர். மானிப்பாயில் யாருக்குக் கலியாணம் பேசினாலும் மாப்பிள்ளையின் படம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, நல்ல முகவெட்டு என்பார். ஒன்றும் சொல்லாமல் படத்தைத் திருப்பிக் கொடுத்தாரென்றால் அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். ஒருநாள் கலியாணப் பந்தியில் எதிரே இருந்தவரைக் காட்டி, உவர் எங்கடை ஆக்கள் மாதிரித் தெரியேல்லை என்று என் காதுக்குள் குசுகுசுத்தார். ஆக்கள் என்றால் இவர் வாயில் சாதி. அது என் சொந்தத் தாய்மாமன் மகன். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இரண்டாம் தரமும் பாயாசம் கேட்டு வாங்கினார்.

எங்களுக்கு ஒரே மகள், தக்சாயினி. அவளுக்கு மருத்துவ பீடம் கிடைத்தபோது சந்தியில் ஆளுயரத்துக்குப் பதாகை கட்டினார். படத்தில் அவளுடைய மூக்கை ஸ்டூடியோக்காரன் கொஞ்சம் நேராக்கியிருந்தான். அது என் பக்கத்து மூக்கு. நேராக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரியவேண்டுமா?

படிக்க அனுப்பினால் பிள்ளை எதைப் படிக்கும் என்று இவர் யோசிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். உள்ளே ஒரு மண்டையோடு. உச்சி ஓடு மூடி மாதிரிக் கழன்று வந்தது. கீழ்த்தாடையை றப்பர் வளையம் போட்டுப் பிடித்திருந்தது. எலும்பெல்லாம் சிவப்பு, நீலக் கோடுகள். பெட்டி மூடியின் உட்புறத்தில் பன்னிரண்டு பெயர்கள், இதை வைத்துப் படித்து அடுத்தவருக்குக் கொடுத்த பிள்ளைகளின் பெயர்கள். பன்னிரண்டாவதாக எங்கள் மகளின் பெயர்.

இவர் கதிரையை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பயம் என்று நினைத்தேன். பயமில்லை.

"என்ன ஆக்கள்?" என்று கேட்டார்.

"மனிச ஆக்கள்தான் அப்பா," என்றாள் மகள்.

பகிடியில்லை, இதை வைத்துத்தான் அவள் தப்பவேண்டும். அடுத்த வெள்ளிக்கு அடுத்து வரும் திங்கள் தலையும் கழுத்தும் சோதனை. வரிசையாக மேசைகள் இருக்குமாம், ஒவ்வொன்றிலும் ஓர் எலும்பு, அதில் ஓர் ஊசி. மணி அடிக்க முதல், ஊசி காட்டும் ஓட்டையின் பெயரையும் அதற்குள்ளால் போகும் நரம்பின் பெயரையும் எழுதவேண்டும். புத்தகத்தைப் பார்த்தால் மட்டும் காணாது, விரலால் தடவித் தடவிப் பழக வேணும் என்றாள். கை கால் சோதனையில் இரண்டு புள்ளியால் கோட்டை விட்டவள். இதிலும் விட்டால் கூடப் படிப்பவர்கள் மேலே போக, இவள் பின்னுக்கு நிற்கவேண்டும்.  என் கவலை அதுதான்.

இவருடைய கவலை வேறு. ஞாயிறு பிள்ளையாருக்குக் கொடியேற்றம். அடுத்த சனி ஏழாம் திருவிழா. ஏழாம் திருவிழா எங்கள் வீட்டுத் திருவிழா, செலவும் முன்னின்று செய்வதும் நாங்கள்தான், இவருடைய பாட்டன் காலத்திலிருந்து. உபயகாரன் வீட்டில் செத்த தலை இருக்கலாமா? சாமி அறைக்கு நேரே கூடாது என்று மகளின் அறையிலிருந்து எடுத்தார். சமைக்கிற இடம் என்று குசினிப் பக்கமும் கூடாது. கார் கோயிலுக்குப் போகிற கார், அதனால் காருக்குள்ளும் கூடாது. வீடு முழுக்கச் சுற்றிக் கடைசியில் கோழிக்கூட்டின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தார். நாலு நாளாக என் பிள்ளை கோழிகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, குடை பிடித்து, மண்டையோட்டைத் தடவிக்கொண்டு இருந்தாள். டொக்டர் படிப்பு இப்படித்தான் என்று கோழிகளாவது அறிந்துகொண்டன.

ஆனால் முகம் பார்க்கிற வியாதி சும்மா விடுமா? திங்கட்கிழமை தேத்தண்ணிக் கோப்பையோடு கூட்டடிக்குப் போனார். கண்ணாடியை இறக்கினார். நெற்றி நல்ல அகலமாம். பல்லில் வெற்றிலைக் கறை இல்லையாம். படித்த மனிதனாக இருக்கவேண்டுமாம். திரும்பி வரும்போது "அது" போய் "அவர்" ஆகியிருந்தது. மத்தியானம் மழை இருட்ட, அவர் நனையப்போறார் என்று கூட்டின் மேல் ஒரு தகரமும் போட்டார்.

மகள் அன்றைக்கு ஊசி மாதிரி ஒரு சொல்லால் குத்தினாள். அவர் பார்த்துப் பார்த்துப் பரம்பரை சொல்கிற மூக்கும் காதும் சொண்டும் எலும்பிலேயே இல்லையாம், எல்லாம் உக்கிப் போகிற சாமானாம். மிச்சம் இருப்பதில் ஆணா பெண்ணா என்று சொல்லலாம், வயதைக் கிட்டமுட்டச் சொல்லலாம், வேறொன்றும் சொல்ல முடியாதாம்.

"வடிவாப் பார் பிள்ளை," என்றார் இவர்.

"பாத்திட்டன் அப்பா. புருவ எலும்பு மழமழ எண்டு இருக்கு, காதுக்குப் பின்பக்கத்து மேடு சின்னன். இது பொம்பிளை. நாப்பது வயதுக்குக் கிட்ட."

படித்த மனிதன் பொம்பிளையாகிப் போனதில் இவர் இரவு புட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். எனக்கோ பொம்பிளை என்ற அந்தச் சொல் மனதில் போய் இருந்துவிட்டது. அடுத்த நாள் காலை முட்டை எடுக்கப் போனவள், முட்டையை மறந்து அவளைக் கையில் எடுத்தேன். என்னிலும் பத்து வயது குறைந்தவள். பாரமில்லை. இந்தத் தலையையும் யாரோ ஒருத்தி மடியில் வைத்துப் பேன் பார்த்திருப்பாள், அசையாதை என்று குட்டியிருப்பாள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓட்டை ஓட்டையாகத் தன்னைக் காட்டிக் கொடுத்தவள், எங்கள் வீட்டில் வந்து கோழிப் பீ மணத்துக்குள் இருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

செவ்வாய் பின்னேரம் அருட்பிரகாசம் வந்தான். கோயில் செயலாளர், பக்கத்து ஒழுங்கை. எங்கள் ஏழாம் திருவிழாவில் அவனுக்குப் பத்து வருடமாக ஒரு கண். மேளம் யார், சாமி வீதி சுற்றும் பூந்தண்டிகை கட்டுவது யார் என்று கேட்க வந்தவன், கோழிக்கூட்டடியில் என் மகளின் கையில் இருந்ததைக் கண்டு தேத்தண்ணியை வைத்துவிட்டான்.

இவர் பேசாமல் இருந்திருக்கலாம். படிப்புச் சாமான் என்றால் முடிந்திருக்கும். ஆனால் இவர் கனகரத்தினமல்லவா!

"பயப்பிடாதையும். நல்ல குடும்பத்துப் பொம்பிளை. நெத்தியைப் பாரும், எங்கடை ஆக்கள்தான்," என்றார்.

அருட்பிரகாசம் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டான். "எங்கடை ஆக்கள் எண்டா சொந்தம்தானே, அப்ப உங்களுக்குத் துடக்கெல்லோ அண்ணை? துடக்கோடை எப்பிடித் திருவிழாச் செய்யிறது?"

துடக்கென்றால் சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாளைக்குக் கோயில் படி மிதிக்க முடியாது. இவர் உடனே வழுகினார். எங்கடை ஆக்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதாம், முகவெட்டில் ஒரு சந்தேகம் இருக்காம். அருட்பிரகாசம் அதற்கும் ஆயத்தம். வேறு ஆக்கள் என்றால் உபயகாரன் வளவுக்குள் ஏன் வைத்திருக்கிறீர்கள், சபையில் கேட்பார்களே என்றான். புதன் பின்னேரம் சபை கூடுகிறது, வந்து ஒரு பதில் சொல்லுங்கள் என்று எழுந்து போனான். வாசலில் செருப்புப் போடும்போது அவன் சிரித்ததை நான் கண்டேன்.

அன்றிரவே இவர் முடிவெடுத்துவிட்டார். சபையில் போய், அது எங்களுக்கு ஒரு உறவுமில்லை, இன்றைக்கே திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லப்போகிறாராம். மகள் அழுதாள். கூடப் படிக்கிறவர்களோடு இருந்து படி என்றார். சோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது எவள் தன் மண்டையோட்டை இன்னொருத்திக்குக் கொடுப்பாள்? பாட்டன் காலத்துத் திருவிழா என்றார். அடுத்த வருடம் சோதனை எடுக்கலாம், திருவிழாவை எடுக்க முடியாது என்றார். சந்தியில் ஆளுயரப் பதாகை இன்னும் தொங்குகிறது, நான் அதை நினைத்தேன்.  எதிர்த்துப் பேசினால் அவர் இன்னும் இறுகுவார் என்பது எனக்கு இருபத்தைந்து வருடப் பாடம்.

புதன் பின்னேரம் சபை வசந்த மண்டபத்தில் கூடியது. இவர் பட்டுச் சால்வையோடு முன்வரிசையில். நான் குளித்துவிட்டு, பொட்டு வைக்காமல், வெள்ளைச் சேலையில் போனேன். கோபுர வாசலுக்கு வெளியே வீதியில் நின்றேன், படி ஏறவில்லை. இவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"தம்பி அருட்பிரகாசம்," என்று நான் கூப்பிட்டேன். எல்லாத் தலையும் திரும்பியது. "நான் உள்ளுக்கை வரேலாது. எங்களுக்குத் துடக்கு."

ஐயர் திடுக்கிட்டார். செத்தது ஆர் என்று கேட்டார்.

"எங்கடை வீட்டிலை இருக்கிறாவே, அவதான். எங்கடை ஆளெண்டு இவரே நேற்றுச் செயலாளருக்குச் சொன்னவர். இவர் முகவெட்டுப் பாத்துச் சொன்னா ஊரிலை ஆர் மறுக்கிறது?"

இவர் கணக்குப் பார்த்தார். எங்கடை ஆள் இல்லை என்று சொன்னால் முப்பத்திரண்டு வருட முகவெட்டு ஞானம் போய்விடும். ஆமென்றால் திருவிழா போய்விடும். ஒரு திருவிழா ஒரு வருடத்துக்குத்தான் போகும், ஞானம் போனால் போனதுதான். "ஓம், எங்கடை ஆள்தான்," என்று முனகினார். ஏழாம் திருவிழாவுக்கு அந்த வருடம் அருட்பிரகாசம் உபயகாரனாக இருந்து தர்ப்பை போட்டுக்கொள்ளலாம் என்று அதே இடத்தில் தீர்மானம் நிறைவேறியது. அவ்வளவு வேகமாக அந்தச் சபையில் வேறெதுவும் நிறைவேறி நான் கண்டதில்லை.

திருவிழா கைவிட்டுப் போக, கோழிக்கூட்டில் இருந்தவளை வெளியே அனுப்பக் காரணமும் போய்விட்டது. அன்றைக்கே அவளைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். துடக்கு வீடு என்று ஒருவரும் கை நனைக்க வரவில்லை, மகளுக்குக் கரைச்சலில்லை. துக்கம் விசாரிக்க மட்டும் நாலு பேர் வந்தார்கள். என்ன வருத்தமாம் என்று கேட்ட ஒரு மனிசிக்கு, நெடுநாளாக உடம்பே இல்லை என்றேன், அது பாவம் உச்சுக் கொட்டியது. கனடாவிலிருந்து இவருடைய தம்பி போன் எடுத்து, அண்ணை எங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

சோதனை நடந்தது. இருபது மேசையில் பத்தொன்பதுக்குச் சரி என்று வந்து சொன்னாள். பிழைத்தது மூக்கடி எலும்பாம். நான் இவரைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பார்த்தார்.

முப்பத்தோராம் நாள், முறையாகத் துடக்குக் கழித்தால்தான் கோயிலுக்குள் விடுவோம் என்று அருட்பிரகாசம் சொல்லியனுப்ப, கீரிமலைக் கடற்கரைக்குப் போனோம். கிரியை செய்கிற ஐயர் பெயர் கேட்டார். தெரியாது என்றார் இவர். செத்தவ உங்களுக்கு என்ன முறை என்றார் ஐயர். இவர் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு மாதம் வீட்டோடு அடைபட்டு, மூன்று நேரமும் மேசையில் அவளுக்கு எதிரே சாப்பிட்ட மனிதர்.

"தங்கச்சி," என்றார்.

அடுத்த கிழமை பெட்டியை வாங்கிப்போக ஒரு பிள்ளை வந்தது. சுபாஜினி, மகளுக்கு ஒரு வருடம் பின்னால் படிப்பவள். இவர் எந்த ஊர் என்று கேட்டார். தொண்டைமானாறு என்றாள். தகப்பன் என்ன செய்கிறார் என்றார். கடலுக்குப் போறவர் என்றாள், தலை குனியாமல். இவருடைய கண்ணாடி மெல்ல மூக்கு நுனிக்கு இறங்கியது. வந்துவிட்டது வியாதி என்று நான் பல்லைக் கடித்தேன்.

"வீட்டிலை கொண்டுபோய் எங்கை வைப்பாய்?" என்று கேட்டார்.

பிள்ளைக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என்ரை மேசையிலை அங்கிள். வேறை எங்கை?"

இவர் யன்னலால் கோழிக்கூட்டைப் பார்த்தார். மேலே போட்ட தகரம் இன்னும் அப்படியே கிடந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மூடியின் உட்புறத்தில் பதின்மூன்றாவது பெயரை அந்தப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை பொறுத்து நின்று, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒழுங்கை முகப்பில் அருட்பிரகாசம் பார்த்துக்கொண்டு நின்றான். இவர் அவனைத் தாண்டிப் போனார். பஸ் வந்ததும் பிள்ளையை ஏற்றி, யன்னலோரம் இருக்கச் சொல்லி, பெட்டியை இரண்டு கையாலும் யன்னலுக்குள்ளால் நீட்டினார்.

"மடியிலை வைச்சுக்கொண்டு போங்கோ பிள்ளை," என்றார். "கீழை வைச்சிடாதேங்கோ."