கடைசி வீட்டின் பதில்

எங்கள் வரிசை வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் சொந்தம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தூக்கம் கலையும். அப்படி இருந்தும், வாட்ச்மேன் ஒருவர் தன் கட்டிலிலேயே செத்துக் கிடந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அயலாரை நேசிப்பதைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வரிசை வெல்டர் பாதியில் எழுந்து நின்றார்.

"பக்கத்து வீட்டுக்காரர் செத்தத நமக்கு மூக்குதான் பாஸ்டர் சொல்லுச்சு. நேசிக்கிறத அப்புறம் பாக்கலாம். மொதல்ல ஆள் இருக்காரா இல்லையான்னு பாப்போம்."

பாஸ்டர் பிரசங்கத்தை அதோடு முடித்துவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து சுவர் தட்டுவது தொடங்கியது. வேலைக்குக் கிளம்புமுன் முதல் வீட்டுக்காரர் அடுத்த வீட்டுச் சுவரைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் திருப்பித் தட்டிவிட்டு, தன் மறுபக்கச் சுவரைத் தட்டுவார். இப்படியே கடைசி வீடு வரை போகும். பதில் வந்தால் சரி, அவரவர் வேலையைப் பார்க்கலாம். பதில் வந்த வீட்டின் கதவைத் தட்டித் தொந்தரவு செய்யக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். பதில் வரவில்லை என்றால் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். சபைக்கு வருகிறவர், வராதவர் என்ற கணக்கு இதில் கிடையாது.

"இத்தனை நாள் கதவு வழியா மதம் மாத்த வந்தீங்க, இப்ப சுவரு வழியாவா?" என்று வேன் டிரைவர் கத்தினார். சபைப் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனிதர். ஒரு மாதம் போனதும் அவரே, "என்ன வெல்டரே, இன்னைக்கு லேட்டு? செத்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்று வாசலில் நின்று திட்ட ஆரம்பித்தார்.

என் வீடு கடைசிக்கு முந்தியது. கடைசி வீட்டில் தையல்கார அக்கா தனியாக இருந்தார். நான் தட்டினால் மெஷினை விட்டு எழுந்திருக்காமல் மர ஸ்கேலால் சுவரில் தட்டுவார். டொக், டொக். காய்ந்த சத்தம். கிடங்கில் மூட்டை சுமக்கப் போகிறவனுக்கு அதைக் கேட்டால் முதுகுவலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனார். பதில் வராத அன்றே போய்விட்டோம். கடைசி மூச்சின்போது என் மனைவி பக்கத்தில் இருந்தாள். அடக்கத்துக்கு வரிசை முழுவதும் வந்தது. டிரைவரும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அக்காவின் தம்பி வந்து மெஷின், துணி, பாத்திரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டுச் சொந்தக்காரர் பூட்டுப் போட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலை, தூக்கக் கலக்கத்தில் பழக்கதோஷமாக அந்தச் சுவரைத் தட்டிவிட்டேன்.

டொக், டொக்.

கை சுவரிலேயே ஒட்டிக்கொண்டது போல நின்றேன். சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் ஒரு கையை நுழைக்காமலே அடுப்படிக்குப் போனேன்.

"பதில் வந்துச்சு" என்றேன்.

"எங்கருந்து?"

"அக்கா வீட்லருந்து."

மனைவி அடுப்பை அணைத்தாள். என்னை நம்பவில்லை. அவளே போய்த் தட்டினாள். பதில் வந்தது. அவள் காதைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காதைத் தேய்த்துக்கொண்டே, "சுவரு ஜில்லுனு இருக்குங்க" என்றாள்.

விஷயம் வரிசை முழுக்கப் பரவியது. பாஸ்டர் வந்தார். அவரையும் தட்டச் சொன்னோம். பதில் வந்ததும் அவர் கையை இழுத்துக்கொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டும்.

"எலியா இருக்கும்" என்றார்.

"எலி மர ஸ்கேல் வச்சிருக்கா பாஸ்டர்?" என்றார் வெல்டர். யாரும் சிரிக்கவில்லை.

பூட்டை உடைத்துப் பார்க்கலாம் என்றேன். பதில் வந்த வீட்டைத் திறக்கக் கூடாது, நாமே பேசி வைத்தது என்றார் முதல் வீட்டுப் பெரியவர். அவர் சொன்னது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பயத்தை மறைக்க நல்ல போர்வை கிடைத்தால் யார் விடுவார்கள்? ஜெபம் செய்துவிட்டுக் கலைந்தோம். நான் தினமும் தட்டினேன். தட்டாமல் இருக்க இன்னும் பயமாக இருந்தது. தினமும் பதில் வந்தது. போகப் போக அந்தப் பதிலில் ஒரு அவசரம் ஏறிக்கொண்டே வந்தது. நான் தட்டி முடிக்குமுன் வந்தது. ஒரு நாள் நான் கையை ஓங்கும்போதே வந்துவிட்டது.

பிறகு ஒரு காலை, தட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினேன். சுவர் சும்மா சுவராக இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க முடியாது. "போயிடுச்சு போல" என்றேன்.

மனைவி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தாள். "பதில் வரலன்னா போய்ப் பாக்கணும். இதானே நாம பேசினது?"

"யாரப் போய்ப் பாக்குறது? மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்தோமே!"

"யாருன்னு கேட்டுட்டுப் போகணும்னு பேசலையே. நீங்க வாங்க, இல்ல நான் போறேன்."

வாசலில் டிரைவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் ஜாக்கி லீவரை எடுத்துக்கொண்டு வந்தார். "உங்க சாமி என்னைக் காப்பாத்துவாரா அக்கா? நான் மெம்பர் இல்ல" என்றார். குரல் மட்டும் கேலியாக இருந்தது. வெல்டரும் வந்து சேர்ந்தார். மழையில் துருப்பிடித்த பூட்டு இரண்டாவது நெம்பலில் கழன்றது.

நல்ல வெயில் நேரம். கதவைத் திறந்ததும் வெளிச்சம் முன்னறைத் தரை முழுவதும் விழுந்தது. ஒரு சாமானும் இல்லை. தரையில் மாவு சலித்தது போலத் தூசி, ஒரு கால்தடம் கூட இல்லாமல். என் சுவரின் இந்தப் பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு. தட்டுவதற்கு ஒரு குச்சி கூட எங்கும் கிடையாது.

"திரும்பிடலாம்ணே" என்றார் வெல்டர், மெதுவாக.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து முனகல் கேட்டது.

உள்ளே சாக்கு விரித்து ஒருவன் கிடந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கால் முழங்கால் வரை வீங்கிக் கறுத்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பின்சந்துக் கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்திருக்கிறான். இரும்புப் பட்டறையில் காலில் தகடு விழுந்ததாம். வேலைக்கு ஆகமாட்டான் என்று தங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்களாம். பின்குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். நாங்கள் பதில் வருகிறது, பதில் வருகிறது என்று கதவைத் திறக்காமல் இருந்த நாளெல்லாம்.

மனைவி அவன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். "ஏன்ப்பா, சுவரத் தட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு குரல் கொடுக்கத் தெரியலையா?"

"நான் எங்க தட்டினேன்க்கா?" என்றான். நாக்கு குழறியது. "அது முன் ரூம்ல இருக்கிற அம்மா. அவங்கதான் டெய்லி தட்டுவாங்க. வீட்ல ஆள் இருக்காங்க, திருடன்னு நினைச்சுடுவாங்கன்னு நான் அந்தப் பக்கமே வரல. ஆனா ஆள் இருக்குன்னு ஒரு தைரியமாவும் இருந்துச்சு."

டிரைவர் லீவரைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"விடியக்காலைல அவங்க எந்திரிச்சு வெளிய போன சத்தம் கேட்டுச்சு. உங்களக் கூப்பிடத்தானே வந்தாங்க?"

முன்னறையைத் திரும்பிப் பார்த்தேன். தூசியில் எங்கள் கால்தடங்கள் மட்டும், உள்ளே வரும் பக்கமாக. நான்தான் சொன்னேன்: "ஆமாப்பா. கூப்பிட்டாங்க."

வேனில்தான் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டான் என்றார் டாக்டர். காலும் தப்பித்தது. சபைக்காரர்கள் முறை வைத்து அவன் கட்டில் அருகே இருந்தார்கள். டிரைவரும் ஒரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். நாங்கள் பேசி வைத்ததிலும் ஒன்றை மாற்றினோம். இப்போதெல்லாம் பதில் வந்தாலும் சாயங்காலம் வாசலுக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

அவனுக்குக் காய்ச்சல் விட்ட அன்று நானும் மனைவியும் வெல்டரும் போயிருந்தோம். அவன் எங்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தான்.

"அந்த அம்மாவ ஏன்க்கா கூட்டிட்டு வரல? நான் ஒரு நன்றி சொல்லணும்."

விளையாட்டுக்குக் கூடப் பொய் சொல்லாதவள் என் மனைவி. என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அவங்க வேலை முடிஞ்சு படுத்துட்டாங்கப்பா" என்றாள். "எழுப்ப வேண்டாம். நீ தண்ணி குடி."

டம்ளர் அவன் வாய்க்குப் போகுமுன் சாய்ந்து, தண்ணீர் அவன் மார்பில் சிந்தியது. வெல்டர் எழுந்து வந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.