ஏழாவது கருத்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கு ரக்பி தெரியாது. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள், என் ஞானம் அவ்வளவுதான். தேசிய அணி எண்பத்தொன்றுக்கு மூன்று என்று தோற்ற மறுநாள், நாளிதழில் 'மக்கள் என்ன சொல்கிறார்கள்' என்ற பகுதியைப் பல் துலக்கியபடி படித்தேன். வழக்கமாக ஏழு பேர் பேசுவார்கள். அன்று ஆறு பேர்தான். கீழே இரண்டு வரி அளவுக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் இந்தக் கதை எனக்குத் தோன்றியது.

2

இப்படித் தொடங்கினேன்: "மழை தூறிய மைதானத்தில் பதினைந்து வீரர்களின் கனவுகள்—"

வேண்டாம். மைதானத்துக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அந்தப் பக்கத்தைத் தயாரித்தவளிடமே போகிறேன். அவள் உதவி ஆசிரியர். தம்பியோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள்; அப்பா அம்மா போனபின் அவர்கள் இருவர்தான். தம்பி அதே அணியில் கடைசித் தடுப்பாட்டக்காரன். எல்லோரையும் தாண்டி வருபவனை அவன்தான் பிடித்து வீழ்த்த வேண்டும். எண்பத்தொரு புள்ளி போனால் யார் தலை உருளும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆட்டம் நாலரைக்கு முடியும். பக்கம் ஐந்தரைக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். தெருவில் இறங்கி நாலு பேரைக் கேட்க நேரம் ஏது? அதனால் கருத்துகளை மதியமே அவளே எழுதிவிடுவாள். (பொய் என்றால் கோபித்துக்கொள்வாள். "யாராவது ஒருத்தர் இப்படிச் சொல்லத்தானே போறாங்க?" என்பாள்.) தோல்விக்கு மட்டும்தான் எழுதுவாள். வெற்றிக்கு எழுதி வைக்கும் வழக்கம் எப்போதோ நின்றுபோனது.

3

ஐந்து மணி. அலுவலகத் தொலைக்காட்சியில் ஒரு பேருந்து ஓட்டுநர் பேசினார்.

"ரேடியோவை அணைச்சிட்டேங்க. யாருமே அவங்கவங்க ஸ்டாப்ல இறங்கல. கடைசி வரைக்கும் பேசாம உக்காந்து வந்தாங்க." பிறகு இருமினார்.

அவள் எழுதிய முதல் கருத்து அது. எழுத்துக்கு எழுத்து. அடைப்புக்குறிக்குள் அவள் போட்டிருந்த இருமல் உட்பட.

அடுத்து ஒரு சலூன்காரர். "பாதி வெட்டினதோட எழுந்து போயிட்டாரு சார், கழுத்துல துண்டோட." இரண்டாவது கருத்து. வரிசை மாறாமல் ஆறு வரை வந்தது.

"அட, நிஜமாவே ஆளுங்ககிட்ட கேட்டு வாங்க ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்று செய்தி ஆசிரியர் சிரித்தார். அவள் திரையில் ஏழாவது கருத்துக்கு இறங்கினாள்.

ஏழாவது, பத்தி நிரம்பவில்லையே என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியது. ஒரு வீரரின் அக்கா சொல்வதாக: "அவன் அதுக்கப்புறம் வீட்டுக்கு—"

[மீதியை நான் எழுதப் போவதில்லை.]

பதினைந்து வீரர்களில் யாருக்கோ ஓர் அக்கா என்றுதான் நினைத்தாளாம். தானும் ஓர் அக்கா என்ற ஞாபகமே வரவில்லையாம். இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். உயிரையே வைத்திருக்கும் தம்பி இருக்க, இப்படி ஒரு வரி கையில் வருமா? வரும். வேலை அவசரத்தில் நாம் எதைத்தான் எழுதவில்லை!

அந்த வரியை அழித்தாள்.

"ரெண்டு வரி ஓட்டை விழுதேம்மா!"

"விழட்டும் சார்."

4

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. வாசல் கதவை உள்ளே தாழிட்டாள். தம்பியின் அறையில் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை, காலையில் அவளே தட்டி விரித்த படுக்கை கசங்காமல் இருந்தது. கதவைச் சாத்தினாள். அணியின் பேருந்தில் அவன் ஏறவில்லை என்று போனில் சொன்னார் அணி மேலாளர். அவனுடைய கைபேசி அணைந்திருந்தது. ஊர் அவனைக் கரித்துக்கொட்டட்டும், இனி அவன் ஆடவே வேண்டாம், முழுசாக வந்து நின்றால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. வேறொரு பத்திரிகையில் நிருபராக இருக்கும் பழைய தோழி.

"உன் தம்பி வீட்டுக்கு வந்துட்டானாடி? ஒரே ஒரு வரி சொல்லு, போட்டுக்கறேன்."

உண்மையைச் சொன்னால் அதுதான் ஏழாவது கருத்து. அச்சில் இல்லாவிட்டால் என்ன, வாயால் சொல்ல வேண்டியவள் அவள்தானே.

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்—

முடிவு இரண்டு: வாசலில் மணி அடிக்கிறது. முழங்காலெல்லாம் சேறாக அவன் நிற்— (எனக்கே நம்பிக்கை வரவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள்.)

முடிவு மூன்று: "வந்துட்டான்டி," என்றாள். "உள்ள தூங்கறான்."

சாத்திய அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

5

யாரோ புரண்டு படுக்கும் சத்தம். பிறகு, "அக்கா, தண்ணி."

அவன் குரல்தான். தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் இழுக்கிற அதே குரல். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

போனை வைத்துவிட்டுத் தம்ளரில் தண்ணீர் பிடித்தாள். இப்போது கதவுக்கு முன்னால் நிற்கிறாள். அவளுக்குத் தம்பி வேண்டும். தன் பொய்க்குப் பிறந்தவனும் தம்பிதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே படுத்திருப்பது யார் என்று நான் எழுதலாம். எழுதினால் அது அப்படியே ஆகிவிடும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அவளும் இன்னும் கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்து இரண்டாம் தடவையாகக் கேட்டுவிட்டான்.

தம்ளரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.