ஒற்றைக்கல் மண்டபத்தில் ஒரு தேகப்பயிற்சி

"ஒரு சமஸ்தானத்தின் முதுகெலும்பு அரண்மனையுமல்ல, பட்டாளமுமல்ல. எதற்கும் வளையாமல் நிமிர்ந்து நிற்கிற உத்தியோகஸ்தன்தான்."

கொல்லம் வருஷம் ஆயிரத்து நூற்றெட்டில், அதாவது இங்கிலீஷ் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில், ஸ்ரீவராகம் வாசகசாலை ஆண்டு விழாவில் சேஷய்யர் இப்படி முழங்கினார். முழங்கிய வேகத்தில் அங்கவஸ்திரம் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

சபை அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய மனுஷர் நம் முன்னால் இப்படித் தலை வணங்குகிறாரே என்று கை தட்டியது. காரியதரிசி பதறிப்போய் எழுந்து அவரைவிடத் தாழக் குனிந்து பதில் வணக்கம் செய்தார். சேஷய்யர் அதே வளைவில், தரையைப் பார்த்தபடியே, பக்கவாட்டில் நடந்து மேடையை விட்டு இறங்கினார். அதற்கும் கை தட்டினார்கள்.

இடுப்புப் பிடிப்பு யாருக்கும் வருவதுதான். சேஷய்யருக்கு அது வந்த நேரம் சரியில்லை. சர்க்கார் கச்சேரியில் அவர் சூப்பரின்டெண்ட். மாசக் கடைசியில் ஐம்பத்தைந்து முடிகிறது. மேலே ஒரு வருஷம் நாற்காலியில் உட்கார வேண்டுமானால், சர்க்கார் டாக்டர் முன்னால் தேகம் திடமென்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த நாற்காலி அடுத்த மேஜைக் கல்யாணராமனுக்குப் போகும். கல்யாணராமன் இப்போதே அதில் குஷன் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

ஆகவே வலியை ரகசியமாக வைத்து, ரகசியமாகவே தீர்க்க வேண்டியிருந்தது. வைத்தியர் வந்தால் தெரு பார்க்கும். தைலம் தடவினால் தெரு முகரும். கடைசியில் மிஷன் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் தாசையனை வரவழைத்தார்கள். பாறசாலைக்காரர், கிறிஸ்தவர். அக்கிரகாரத்து வாசல் வழியாக வர முடியாது. கொல்லை வழியாக வந்தார். ஆகையால் சிகிச்சை மாட்டுத் தொழுவத்தில் நடந்தது. மாடு பார்த்துக்கொண்டிருந்தது.

தாசையனுக்குக் குரல் பெரிது. உடம்பும் பெரிது; அதனால் தான் மட்டும் எந்தப் பயிற்சியையும் செய்து காட்டியதில்லை. கவிழ்த்துப்போட்ட தவிட்டுத் தொட்டிமேல் உட்கார்ந்து விசிலை ஊதினார்.

"சாரே, குப்புறப் படுங்க. காலு ரெண்டும் தரையில ஒட்டி இருக்கணும். கையை ஊனி நெஞ்சை மட்டும் தூக்குங்க. பாம்பு படமெடுக்க மாதிரி. ம், மதி, போதும். இறக்குங்க."

"மூச்சு முட்டறது, மாஸ்டர்."

"முட்டட்டும். எங்க ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் பயலுவ ஒரு முனகலு இல்லாமச் செய்யானுவ, கேட்டியளா."

"அவாளுக்கெல்லாம் தொந்தி கிடையாது," என்றாள் வைக்கோல் எடுக்க வந்த சேஷய்யரின் மனைவி நாகலக்ஷ்மி.

"நீ உள்ளே போ. இது என் வீடு. எனக்கு எங்கே படுக்கணும்னு தோணறதோ அங்கே படுப்பேன்."

நாகலக்ஷ்மி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வைக்கோலை மாட்டுக்குப் போட்டாள்.

தாசையன் கிளம்பும்போது முக்கியமான விதியைச் சொன்னார்: "பிடிப்பு வந்துதுன்னா யோசிச்சுட்டு நிக்கப்பிடாது. எங்க நிக்கியளோ அங்கயே டபக்குனு குப்புற விழணும், நெஞ்சைத் தூக்கணும். மானம் பாத்தா நடு இடுப்பு போயிரும்."

சேஷய்யர் ஆயுசு முழுவதும் மேலிடத்து உத்தரவை யோசிக்காமல் நிறைவேற்றியே முன்னுக்கு வந்தவர். இதையும் அப்படியே பழகினார். பூஜை அறையில் விழுந்தார், கிணற்றடியில் விழுந்தார். ஒரு தடவை, சம்பந்தி வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் காலடியில் விழுந்தார். சம்பந்தி அன்றிலிருந்து சீர் பற்றிப் பேசுவதில்லை. வலியும் மெய்யாகவே குறைந்து வந்தது.

டாக்டர் பரீட்சைக்கு முந்தின நாள் காலை, பத்மநாபனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று புறப்பட்டார். குடையைக் கோயில் வாசலில் சாத்தி வைத்தார். மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

சயனித்திருக்கும் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்: ஒன்றில் திருமுகம், ஒன்றில் நாபிக்கமலம், ஒன்றில் பாதம். நின்று பார்க்கிற இடம் ஒற்றைக்கல் மண்டபம். அதன்மேல் நிற்கலாம், கும்பிடலாம், கண்ணீர்கூட விடலாம். விழுந்து நமஸ்காரம் மட்டும் பண்ணக் கூடாது. அது மகாராஜாவுக்கு மட்டும் உள்ள உரிமை. வேறு எவன் அந்தக் கல்லில் விழுந்தாலும் அவனுடைய உடைமை அத்தனையும் அந்த நிமிஷமே பெருமாளுக்குச் சேர்ந்துவிடும் என்பது கட்டுப்பாடு. ஊரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

சேஷய்யர் முகத்தைப் பார்த்தார், நாபியைப் பார்த்தார். பாதம் பார்க்க மூன்றாம் வாசலுக்கு நேரே வந்து லேசாகக் குனிந்தார்.

பிடித்தது.

அவர் யோசிக்கவில்லை. டபக்கென்று குப்புற விழுந்தார்.

அதற்குப் பிறகுதான் சேஷய்யர் யோசித்தார். கன்னம் கல்லில் ஜில்லென்று பட்டது. ஸ்ரீவராகத்து வீடு மனக்கண்ணில் வந்தது. விழிஞ்ஞம் போகிற வழியில் உள்ள தென்னந்தோப்பு மரம் மரமாக வந்தது.

"சூப்ரண்ட் சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் தழுதழுத்தது. கல்யாணராமன். "எல்லாம் பகவானோடதாக்கும்னு கச்சேரியில தினம் சொல்வேள். நான் ஒரு பேச்சுக்குச் சொல்றதாக்கும்னு நெனச்சுண்டிருந்தேன். இப்படி ஒரேயடியாக் கொடுத்துட்டேளே."

கூட்டத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயில் காரியஸ்தர் வந்து குனிந்தார். மரியாதையான மனுஷர், மலையாளி. சாமிமார்களிடம் தமிழில்தான் பேசுவார்.

"சாமி, க்ஷமிக்கணும். இது நமஸ்காரமோ, அல்ல, வேற வல்லதுமோ? ஒண்ணு பறஞ்சாத் தேவல."

சேஷய்யருக்கு இரண்டு வழிதான் இருந்தது. நமஸ்காரம் என்றால் வீடும் தோப்பும் போகும். வேறு ஏதாவது என்றால் அது என்னவென்று சொல்ல வேண்டும். சொன்னால் கல்யாணராமன் காதில் விழும்.

"பயிற்சி," என்றார் கல்லைப் பார்த்து.

"எந்தா?"

"தேகப்பயிற்சி. இடுப்புக்கு. நமஸ்காரம்னா நெஞ்சு தரையில படணும். இதுல படாது. பாருங்கோ." கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கினார். கால் இரண்டும் ஒட்டியே இருந்தன. தாசையன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். "தூக்கணும். இறக்கணும். மறுபடி தூக்கணும்."

பத்மநாப சுவாமி சயனித்தபடியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ பாவம்," என்றார் கல்யாணராமன், பக்கத்தில் மண்டி போட்டு. "எத்தனை நாளா சார் இந்த வலி?"

பெருமாள் எதிரே இருந்தார். பொய் சொல்ல முடியவில்லை. "வாசகசாலை விழாவிலிருந்து."

"குனியவே முடியறதில்லையோ?"

"குனியலாம். நிமிரத்தான் முடியாது."

"டாக்டர்ட்ட நானே சொல்லிடறேன் சார். நீங்க சிரமப்பட வேண்டாம்."

காரியஸ்தர் சுற்றிலும் பார்த்தார். "பயிற்சியாக்கும். ஆரும் ஒண்ணும் நினைக்கண்டா," என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரைக் கூப்பிட்டு அவரைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

வீட்டுக்கு வண்டியில் வந்து சேர்ந்தார் சேஷய்யர். ஊஞ்சலில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு, நடந்ததை முழுக்கச் சொன்னார். சொல்லச் சொல்ல அது ஒரு தியாகமாக மாறிக்கொண்டு வந்தது.

"உத்தியோகம் போனாப் போறது, நாகு. மானத்தை விட்டு வீட்டைக் காப்பாத்தியாச்சு."

"எந்த வீட்டை?"

"இந்த வீட்டைத்தான். என் வீட்டை. தோப்பை."

நாகலக்ஷ்மி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"ஏன்னா, இது எங்கப்பா எனக்குக் கல்யாணத்துல எழுதி வெச்சதுன்னா. தோப்பும் அப்படித்தான். உங்க பேர்ல எப்போ இருந்தது?"

'என் வீடு, என் தோப்பு' என்று தெருவிலும் கச்சேரியிலும் சொல்லிச் சொல்லி, அது அவருக்கே பழகிப்போயிருந்தது.

"நீங்க சாயரட்சை வரைக்கும் அங்கேயே குப்புறக் கிடந்திருந்தாலும் பெருமாளுக்கு ஒரு தேங்காய் கூடக் கிடைச்சிருக்காது," என்றாள் அவள். "நமஸ்காரம்னே சொல்லியிருக்கலாம். ஊரே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். வேலையும் இருந்திருக்கும்."

அன்றைக்குச் சேஷய்யருக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு குடை. அதைக் கோயில் வாசலில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.