ஆறாவது ஜோடி

எங்க வீட்டு ஹால்ல ஒரு அலமாரி இருக்கு. அதுக்குள்ள இருக்கற பொம்மைங்களோட அட்டைப்பெட்டியில போட்டிருக்கறதை எல்லாம் நம்பினா, கவனம் கூடும், மனசு அமைதியாகும், விரல் நுனிக்குப் பலம் வரும், கோபம் இருந்த இடம் தெரியாம போயிடும். இது அத்தனையும் அவசரமா தேவைப்படற ஆள் எங்க வீட்டுல நான்தான். ஆனா பெட்டி மேல வயசு மூணு முதல் எட்டு வரைன்னு போட்டுட்டான்.

என் பொண்ணுக்கு ஆறு முடிஞ்சு ஆறு மாசம். ஆட்டிசம். பேச்சு இன்னும் வரல. தீர்ப்பு சொல்றதுக்குப் பேச்சு எதுக்கு? எதைக் கொண்டுபோய் முன்னாடி வச்சாலும் ரெண்டு விநாடி தொட்டுப் பார்ப்பா, புறங்கையால ஓரமா தள்ளுவா. வழக்கு தள்ளுபடி. அப்பீல் கிடையாது. அதனால அவ அப்பா அவளுக்கு வச்ச பேரு ஜட்ஜம்மா.

தள்ளுபடியான வழக்குங்க ஏராளம். எங்க வீட்டுக்காரர் ஒரு பொம்மையோட படத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி அதுக்கு எத்தனை நட்சத்திரம்னு பார்ப்பாரு. அப்படி நாலரை நட்சத்திரம் வாங்கின கனமான தலையணை ஒண்ணு வந்துச்சு. மடியில வச்சா பிள்ளை அசையாம உட்காருமாம். இப்ப அதை மடியில வச்சுக்கிட்டு அசையாம உட்கார்ந்து நியூஸ் பார்க்கறது அவருதான். அப்புறம் கடிக்கறதுக்கு ரப்பர் மாலை, தொட்டா நிறம் மாறுற பந்து, தண்ணிக்குள்ள குமிழ் விடுற விளக்கு. நாத்தனார் தன் பங்குக்கு ஒரு ரயில் வாங்கிட்டு வந்தாங்க. கூவும், பாடும், பளிச்பளிச்சுன்னு எரியும். "சென்சரி பொம்மை, கண்ணு காதுக்கெல்லாம் பயிற்சின்னு கடைக்காரன் அடிச்சு சொன்னான்மா"ன்னாங்க. ரயில் கிளம்பினதும் ஜட்ஜம்மா காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிட்டா. "போகப்போகப் பழகிடும்"னாங்க. அவங்க வீட்டுக்குத் திருப்பிக் குடுத்து அனுப்பினேன். அங்க பழகட்டும்.

நான் துணி ஆல்டர் பண்ற கடை வச்சிருக்கேன். பேன்ட் சுருக்கறது, ஜிப் மாத்தறது, இடுப்பு தளர்த்தறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பார்த்தே இது சுத்தப் பருத்தி, இது கலப்புன்னு சொல்லிடுவேன். இந்தக் கையைப் பத்தி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

என் கடைக்கு யூனிஃபார்ம் தைக்க வர்றவங்கள்ல, பார்சல் வேன் ஓட்டுற அக்கா ஒருத்தங்க. அவங்களுக்கும் என் வீட்டு ஜட்ஜம்மா மாதிரியே ஒரு மகள், ஒரு வயசு பெரியவ. அவங்கதான் ஒரு பள்ளிக்கூடத்தைப் பத்திச் சொன்னாங்க. மத்த பிள்ளைங்களோட ஒரே வகுப்பு, பக்கத்துல ஒரு துணை டீச்சர். வருஷத்துக்கு நாலே பேரைத்தான் எடுப்பாங்க. அதுக்கு ஒரு டெஸ்ட். ஏழு வயசு தாண்டினா டெஸ்ட்டும் கிடையாது, சீட்டும் கிடையாது.

"டெஸ்ட்டுல என்னக்கா கேப்பாங்க?"

"பன்னெண்டு சின்ன துணிப் பை வச்சிருப்பாங்க. எல்லாம் ஒரே நீலத் துணி. உள்ள மட்டும் வேற வேற. பஞ்சு, மணல், கூழாங்கல், அப்படி. அமுக்கிப் பார்த்து ஜோடி சேர்க்கணும். ஆறுக்கு ஆறு வரணும். எங்க வீட்டுல அஞ்சு ஜோடி கடகடன்னு வச்சுட்டா. கடைசியா மிச்சம் இருக்கறதே ரெண்டு பை. யாரா இருந்தாலும் சேர்த்து வச்சுட்டுப் போயிடுவாங்க இல்ல? இவ ஒண்ணை இந்தப் பக்கம், ஒண்ணை அந்தப் பக்கம் தள்ளிட்டா."

கொஞ்ச நேரம் பேன்ட்டோட மடிப்பையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "வெளிய வந்து வேன்ல ஏத்தினதும் ஒரு அறை விட்டேன். அன்னிக்கு முன்னாடி அவ மேல கை வச்சதே இல்ல"ன்னாங்க.

இப்ப அந்தப் பொண்ணு நாள் பூரா வேன் முன்சீட்டுல பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கு. வேற எங்க விடறது?

நான் நல்லவ மாதிரி ஆறுதல் சொல்லிட்டு, அக்கா போனதும் முதல் வேலையா அதே பன்னெண்டு பையை ஆர்டர் பண்ணினேன். பரீட்சைக் கேள்வித்தாளையே விளையாட்டு சாமானா வாங்கற அம்மா உலகத்துலயே நான் ஒருத்திதான்னு நெனச்சேன். டெஸ்ட்டுக்கு ரெண்டரை மாசம் இருந்துச்சு. அதுக்கடுத்த டெஸ்ட் வர்றப்ப இவளுக்கு ஏழு தாண்டிடும். அதனால எங்களுக்கு இது ஒண்ணுதான்.

பை வந்துச்சு. ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழ அளவு. ஜோடி சரிதானான்னு பெரியவங்க பார்த்துக்க, அடியில ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் நம்பர் தைச்சிருந்தான். கூட வந்த தாள்ல எந்த நம்பருக்குள்ள என்னன்னு போட்டிருந்துச்சு. ஆறுன்னா கடுகு.

மூணாம் நாளே அஞ்சு ஜோடி வந்துடுச்சு. எனக்குத் தலைகால் புரியல. ஆறாவதுல வந்து நின்னுச்சு பாருங்க. ஒரு பையை எடுத்து காதுகிட்ட வச்சு அமுக்குவா. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. அதோட ஜோடியைக் குடுத்தா, ரெண்டு விநாடி, தள்ளுபடி. அந்த ஒத்தைப் பையை மட்டும் கைக்குள்ள பொத்திக்கிட்டா. அதோட தூங்கினா, சாப்பிட்டா, குளிக்கறப்ப மட்டும் குளியலறை ஜன்னல் மேல வச்சுட்டு அதையே பார்த்துக்கிட்டு நின்னா. யார் கேட்டாலும் தரமாட்டா. இத்தனை வருஷத்துல அவளா ஒரு பொம்மையைத் தேர்ந்தெடுத்தது அதுதான். சந்தோஷப்பட வேண்டிய அம்மா நான், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு பையையும் நானும் அமுக்கிப் பார்த்தேன். என் கைக்கு வித்தியாசமே தெரியல. ஒரு மாசத்துல அவளோடது மட்டும் அழுக்காகி, துணி நைஞ்சு, ஓரம் வெளுத்துப் போச்சு. அப்பதான் என் மண்டையில பல்பு எரிஞ்சுது. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு, அதான் சேர்க்கமாட்டேங்கறா. நம்ம தொழில்ல புதுத்துணியைப் பழசாக்கறது ஒரு கஷ்டமா?

குடும்பமே வேலையில இறங்குச்சு. நான் அந்த ஜோடிப் பையைச் சோப்புத் தண்ணில ஊற வச்சு, கல்லுல தேய்ச்சு, காயவச்சு, இடுப்புல சொருகிக்கிட்டு கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் ஆபீஸ் மீட்டிங்ல மேஜைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டிருந்தாரு. மன அழுத்தம் குறையுதுன்னு ஒரு நட்சத்திரம் கூடவே குடுத்தாரு. நாத்தனாரை அது மேல உட்கார வச்சேன். "எவ்வளவு நேரம்மா உட்காரணும்?"னாங்க. "ரெண்டு சீரியல் முடியற வரைக்கும் அண்ணி. நீங்க ஒரு பொம்மைக்குச் செய்யற முதல் நல்ல காரியம் இது"ன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு மூணு சீரியல் உட்கார்ந்தாங்க.

பத்து நாள்ல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணாயிடுச்சு. அவ தூங்கறப்ப அவளோடதை நைசா எடுத்து வந்து, கண்ணை மூடிக்கிட்டு மாத்தி மாத்தித் தொட்டுப் பார்த்தோம். மூணு பேருக்கும் தெரியல. என்னோட பேர்பெற்ற கைக்கும் தெரியல.

மறுநாள் காலையில கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். காதுகிட்ட வச்சா. அமுக்கினா. தள்ளினா.

"ரெண்டும் ஒண்ணுதான்டி. ஒண்ணுதான்"னு கத்தினேன். மறுபடியும் வச்சேன். மறுபடியும் தள்ளினா. கை ஓங்கிட்டேன். ஓங்கின கை அப்படியே நிக்கறப்ப வேன் அக்கா பேன்ட் மடிப்பைப் பார்த்துக்கிட்டு நின்னது ஞாபகம் வந்துச்சு. இறக்கிட்டேன். அவ ஏற்கனவே மேஜைக்கு அடியில இருந்தா. நானும் கீழ உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவ மேல கோபமே இல்ல. பயம். அவளும் ஏதோ ஒரு முன்சீட்டுல பெல்ட் போட்டு உட்கார்ந்தே வளர்ந்துடுவாளோன்னு பயம்.

டெஸ்ட் நாளும் வந்துச்சு. சின்ன அறை, குட்டையான மேஜை, சுவர் ஓரமா ஃபைல் அடுக்கின இரும்பு பீரோ. டெஸ்ட் எடுக்கற மேடம் கண்ணாடியைக் கயிறு கட்டி மார்ல தொங்கவிட்டிருந்தாங்க. நல்லவங்கதான், குரலையே உயர்த்தல. ஜட்ஜம்மாவோட மூடின கையைப் பார்த்துட்டு, "அங்க என்ன?"ன்னாங்க. "சும்மா ஒரு துணிப் பை மேடம்"னேன். "நீலக் கலரா? இங்க வர்ற அம்மாங்க எல்லாருமே இதைத்தான் வாங்கறீங்க. இருக்கட்டும்"னாங்க. உலகத்துலயே நான் ஒருத்திதான்னு நெனச்ச நெனப்பும் அதோட போச்சு.

மேஜை மேல பன்னெண்டு பை வந்துச்சு. இந்த வருஷத்துக்குன்னு புதுசா பிரிச்ச செட்டு, மடிப்பு கூட கலையல. இடது கை பொத்தினபடியே இருக்க, வலது கையால ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு ஜோடி வச்சா. அஞ்சும் சரி.

மிஞ்சின ரெண்டுல ஒண்ணை எடுத்தா. காதுகிட்ட வச்சு அமுக்கினா. தள்ளினா. இன்னொண்ணை எடுத்தா. அமுக்கினா. தள்ளல. மேஜை மேல அதைத் தனியா வச்சா. அப்புறம், ரெண்டு மாசமா யாருக்கும் திறக்காத அந்த இடது கையைத் திறந்து, தன்னோட நைஞ்சுபோன பையை எடுத்து, அந்தப் புதுப்பை பக்கத்துல ஒட்டி வச்சுட்டு, கையை எடுத்துக்கிட்டா.

"அது நம்ம செட்டுல இல்லையேம்மா"ன்னு மேடம் மெதுவா சொல்லிட்டு, தாள்ல ஆறாவது கட்டத்துல பெருக்கல் குறி போட்டாங்க. "பரவாயில்ல. இது கஷ்டமான ஜோடிதான். நிறைய பேர் இங்கதான் விடுவாங்க. ஒரே மாதிரிங்கற எண்ணம் இன்னும் முழுசா வரல."

நான் அவ வச்ச ஜோடியையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஒண்ணு அழுக்கு, ஒண்ணு புத்தம் புதுசு. பழசு புதுசு அவளுக்கு ஒரு பொருட்டே இல்ல. அப்ப நாத்தனார் உட்கார்ந்த மூணு சீரியலும் வீண். அப்ப வித்தியாசம் துணியில இல்ல.

தையல் பிரிக்கிற கத்தி எப்பவும் என் கைப்பையில இருக்கும். எடுத்தேன்.

"என்னம்மா பண்றீங்க? அது பள்ளிக்கூடத்துச் சாமான்."

"தைச்சுக் குடுத்துடறேன் மேடம், எனக்கு அதுதான் தொழில்"னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பள்ளிக்கூடத்துப் பை ரெண்டோட ஓரத்தையும் பிரிச்சுட்டேன். அவ ஜோடி சேர்த்த புதுப்பையை மேஜை மேல கொட்டினேன். கடுகு. அவ தள்ளின பையைக் கொட்டினேன். கடுகு அளவுல, கடுகு நிறத்துல, பிளாஸ்டிக் மணி. அடியில நம்பர் மட்டும் ரெண்டுலயும் ஆறு. கம்பெனிக்காரன் ஒரு பையில கடுகும் ஒரு பையில பிளாஸ்டிக்கும் போட்டுத் தைச்சு, ஒரே மாதிரின்னு தாள் அடிச்சு அனுப்பியிருக்கான். பெரியவங்க நாங்க எல்லாரும் தாளைப் படிச்சோம். அவ பையைத் தொட்டா.

மேடம் முகத்துல ஈயாடல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு குவியலையும் விரலால கலைச்சுப் பார்த்தாங்க.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஒரே மாதிரிங்கற எண்ணம் உங்களுக்கு எப்ப வந்துச்சு மேடம்?"னு கேட்டேன். கேட்டுட்டு, அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்னு பட்டுச்சு, ஏன்னா அவங்க இன்னும் கடுகையும் மணியையும் தனித்தனியா பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. நானும் தெரியாம ரெண்டு மாசம் அதே தப்பைத்தானே பண்ணினேன், அதுவும் இவ்வளவு திமிரான கையை வச்சுக்கிட்டு.

பெருக்கல் குறியை அடிச்சு, சரின்னு போட்டு, பக்கத்துல கையெழுத்தும் போட்டாங்க. "சீட்டு உங்க பொண்ணுக்குத்தான்"னாங்க. எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தாங்க. "மூணு வருஷமா இதே கம்பெனி செட்டுதான் வாங்கறோம்"னு என்னைப் பார்க்காம சொன்னாங்க. ஃபைல் ஒவ்வொண்ணா எடுத்து, ஆறாவது கட்டத்தைப் பார்த்து, தரையில அடுக்க ஆரம்பிச்சாங்க. நான் வேன் அக்கா மகளைப் பத்திச் சொன்னேன். தேடி எடுத்துப் பார்த்தாங்க. அஞ்சு சரி, ஒரு பெருக்கல். "வரச் சொல்லுங்க. வயசைப் பத்தி நான் பேசிக்கறேன்."

ஜட்ஜம்மா தன் பழைய பையை எடுத்துக் கைக்குள்ள பொத்திக்கிட்டு, வாசல்ல என் புடவையைப் பிடிச்சு இழுத்தா. வெளிய வந்ததும் வேன் அக்காவுக்கு போன் போட்டேன். போனுக்குள்ள ஹாரன் சத்தம் கேட்டுச்சு. "வண்டியை ஓரம் கட்டிட்டுப் பேசுங்கக்கா"ன்னேன். கட்டினாங்க. எல்லாத்தையும் சொன்னேன். கடுகு, பிளாஸ்டிக், மேடம், ஃபைல், சீட்டுக்கு மறுபடியும் வரச் சொன்னது.

வேன் இன்ஜினை அணைக்கற சத்தம் கேட்டுச்சு.

"அப்ப அந்த ரெண்டும் வேற வேறதானா?"ன்னாங்க.

"வேற வேறதான்க்கா. உங்க பொண்ணு சரியாத்தான் வச்சா."

பக்கத்து சீட்டுல பெல்ட்டை இழுத்து இழுத்து விடற சத்தம் கேட்டுச்சு. அக்கா குரல் இறங்கிப் போச்சு.

"நான் அடிச்சப்ப அழவே இல்லம்மா அவ. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தா. இப்ப இதை அவகிட்ட நான் எப்படிச் சொல்வேன்?"

எதுக்கும் ஒரு பதில் ரெடியா வச்சிருக்கறவ நான். அன்னிக்கு போனைக் காதோட வச்சுக்கிட்டு, ஓங்கின அதே கையால ஜட்ஜம்மா தலையைத் தடவினேன்.