மூன்று மணிக் கட்டம்

...நாற்பத்தொன்று, டீசர்ட்டில்கூட அப்படி ஒரு சைஸ் கிடையாது, நாற்பது உண்டு, நாற்பத்திரண்டு உண்டு, நடுவில் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றும் இல்லாத இடத்தில் போய் நிற்கிறதே அப்பாவின் எண் என்று நினைத்துக்கொண்டாள் அனுப்ரியா. மடியில் ரிப்போர்ட் கவர், பக்கத்தில் ஜன்னலோரம் அப்பா. பஸ் திருப்பூரைத் தாண்டி மங்கலம் ரோட்டில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, முன்னால் துணிக்கட்டு ஏற்றிய டெம்போ ஒன்று வழிவிடாமல் ஆடிக்கொண்டே போனது. அர்த்தநாரி, வயது ஐம்பத்தெட்டு, ஆண் என்று கவரின் மேல் எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிரித்துப் படித்திருப்பார், படித்திருந்தால் இவள் சொல்லவேண்டிய வேலை இருந்திருக்காது... எதைச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? டாக்டரம்மா அப்பாவை வெளியே உட்காரச் சொன்னபோதே இவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவோ சட்டைப் பட்டனைப் போட்டபடி, ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி சிரித்துக்கொண்டு எழுந்து போனார்.

நம்ம இதயம் ஒரே சீரா அடிக்கக் கூடாதும்மா என்றார் டாக்டரம்மா, ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கொஞ்சம் கூடணும், கொஞ்சம் குறையணும், படி ஏறினால் ஒரு மாதிரி, உட்கார்ந்தால் ஒரு மாதிரி, தூங்கினால் வேறு மாதிரி, அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் இந்த எண் சொல்லுது, நூறுக்கு மேல் இருந்தால் நல்லது, அப்பாவுக்கு ஏற்கனவே இதயம் பலவீனம், அப்படிப்பட்டவங்களுக்கு இது ஐம்பதுக்குக் கீழே போனால்... அந்த இடத்தில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். தேதி குறித்துச் சொல்ல மாட்டேன், இதை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது, ஆனால் உயிருக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், பளு தூக்கவே கூடாது என்றார். சீராக இருந்தால் ஆபத்தா? எட்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள், ஒரு தையல் பிசகினால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிறவள், சீராக இருப்பது பாஸ், பிசகினால் ரிஜெக்ட், இதைத் தவிர வேறென்ன தெரியும் இவளுக்கு? அப்பாவுக்கும் அதுதானே. தறி மெக்கானிக், தறிச் செட்டுக்குள் நுழையும்போதே காதைச் சாய்த்து, நாலாவது தறி தடுமாறுது என்று சொல்லிவிடுகிறவர். அவருடைய நெஞ்சு தடுமாறுகிறது என்று இவள் கம்பெனி மெடிக்கல் கேம்ப்பில் யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு வந்தது பயம் இல்லை, வெட்கம். ஊரில் எல்லாத் தறியையும் சரிபண்ணிவிட்டுத் தன் தறியை விட்டுவிட்டேன் என்று டீக்கடையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார், அதன் பிறகு அந்தக் கடைக்கே போகவில்லை.

அதனால்தான் அன்றைக்கு அப்படிப் படுத்துக்கிடந்தார். நெஞ்சில் ஐந்து ஒயர் ஒட்டி, இடுப்பில் சோப்பு டப்பா அளவு பெட்டி ஒன்று கட்டி அனுப்பினார்கள், ஒரு நாள் முழுக்கத் துடிப்பை அது பதியும், எப்போதும் போல நடங்க, படி ஏறுங்க, என்னென்ன செய்தீங்க, எத்தனை மணிக்குச் செய்தீங்க என்று இந்தத் தாளில் எழுதுங்க, ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் இந்தப் பட்டனை அழுத்துங்க என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் மல்லாந்தவர் எழவே இல்லை. நடந்து வாங்கப்பா என்றால், கண்ணு, அளவு எடுக்கறப்ப ஆடக் கூடாது, கோடு தப்பா உளுந்துரும் என்றார். சோறுகூடப் பாதி சாய்ந்த நிலையில்தான். தாளோ காலியாகக் கிடந்தது, மணிக்கு ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால் இவளுக்கு ஆகாது. கம்பெனியில் சரக்கு வாங்குகிற பையர் வரும் நாளில் மாரிச்செல்வம் அண்ணன் டேபிள் டேபிளாக வருவார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சூப்பர்வைசர், “கட்டம் காலியா கெடந்தாதான் கேள்வி வரும் பாத்துக்கோ, ரொப்பிரு” என்பார், இவர்களும் செக் பண்ணாத பீஸுக்கெல்லாம் மணி போட்டு, எண் போட்டு, கையெழுத்துப் போட்டு ரொப்புவார்கள், பையர் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவான், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தக் கையேதான் அன்றைக்கும் எழுதியது. ஒன்பது மணி, கடைக்கு நடந்தார். பதினொன்று, குளித்தார், ஐயோ பெட்டி நனையுமே என்று அடித்துவிட்டு, துணி மடித்தார். மூன்று மணி, மாடிப்படி ஏறினார். இரண்டு பேனா மாற்றி எழுதினாள், ஒரே மூச்சில் எழுதியது மாதிரி தெரியக் கூடாது என்று. தாள் ஒரு இடத்தில் நிற்காமல் படபடத்துக்கொண்டே இருந்தது, மாத்திரை அட்டையை ஒரு ஓரத்திலும் முழங்கையை மறு ஓரத்திலும் வைத்து அழுத்திக்கொண்டு எழுதினாள்.

“ஏங்கண்ணு, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்று ஆண்டிபாளையம் குளம் தெரியும்போது கேட்டார் அப்பா.

“சீரா அடிக்குதுங்களாமாப்பா. ஒரே மாதிரி.”

வாய் அதைச் சொல்லிவிட்டது, அதில் பொய் ஒன்றும் இல்லை, ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது, பாத்தியா, நாந்தான் சொன்னேன்ல, ஆடாம இருந்தா எல்லாம் சரியா உளுகும்னு என்றார். ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே, “அப்பறம் என்ன, திங்கக்கெழம அப்புசாமி செட்டுக்குப் போயிர்றேன். ரெண்டு தறிக்குப் பாவு ஏத்தோணும்னு ஒரு வாரமா கூப்புட்டுட்டு இருக்கறாப்ல” என்றார். பாவு என்றால் இரும்பு உருளையில் நூல் சுற்றியது, இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலே மூச்சு வாங்கும், அப்பா அதன் ஒரு முனையைத் தோளில் வாங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். இன்றைக்கு வெள்ளி. வேண்டாங்க என்று சொல்ல வேண்டும், ஏன் என்பார், நாற்பத்தொன்று என்று சொல்ல வேண்டும், சீர் என்பது இங்கே நல்ல வார்த்தை இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதுவும் அந்த எண் உண்மைதானா? கட்டையாகப் படுத்துக்கிடந்தவருக்கு ஏற்ற இறக்கம் எங்கிருந்து வரும், படி ஏறியும் துடிப்பு ஏறவில்லையே என்று டாக்டரம்மா கவலைப்பட்டாரே, ஏறாத படிக்குத் துடிப்பு எப்படி ஏறும்? அப்போதே சொல்லியிருக்கலாம், நான் சும்மா எழுதினதுங்க என்று, மறுபடி பெட்டி கட்டியிருப்பார்கள், மறுபடி கட்டினால் உண்மை எண் வரும், அது நாற்பத்தொன்றைவிடக் குறைவாக இருந்தால்? எண் பொய்யாக இருக்கிறவரைக்கும் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாளா? டாக்டரம்மா அந்தத் தாளில் விரல் வைத்து, மூன்று மணி வாக்கில் ஒரே ஒரு இடத்தில் துடிப்பு கொஞ்சம் நின்று வந்திருக்கு, படி ஏறினப்போ கண்ணை இருட்டிச்சா, மயக்கம் மாதிரி வந்துச்சா, ஏதாவது சொன்னாரா என்று கேட்டாரே, இவள் பட்டென்று இல்லீங்க என்றாளே. படியே ஏறவில்லை, அப்புறம் என்ன மயக்கம் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது.

மங்கலம் நெருங்க நெருங்கத் தறிச் சத்தம் பஸ்ஸுக்குள் வர ஆரம்பித்தது, முதலில் காலடியில், பிறகு ஜன்னல் கண்ணாடியில். இந்தச் சத்தத்தில் பிறந்தவர்களுக்குச் சத்தம் நின்றால்தான் திடுக்கிடும். கரண்ட் போனால் தொட்டிலில் தூங்குகிற குழந்தைகூட விழித்துக்கொள்ளும். அப்பாவும் அன்றைக்கு அப்படித்தான், அந்த நாள் முழுவதிலும் ஒரே ஒரு முறை கட்டிலில் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார், ஒயரெல்லாம் இழுபட, தறி நின்னுபோச்சா கண்ணு என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கரண்ட் போயிருக்குமுங்கப்பா என்றாள். அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி சாய்ந்தார். ஆமாம், அது நடந்தது, ஒரே ஒரு நிஜமான விஷயம், அதைத்தான் எழுதவில்லை. எத்தனை மணி அது? கவரைப் பிரித்தாள். மணிவாரியாகத் துடிப்பு எண்ணிக்கை ஒரு பட்டியல், எழுபத்துநாலு, எழுபத்தைந்து, எழுபத்துநாலு, கூடவே அவளுடைய தாள், அவளுடைய கையெழுத்து.

“அப்பா, பொட்டி கட்டியிருந்தன்னைக்கு மத்தியானம் கரண்ட் போச்சுங்கல்ல, அது எத்தன மணிக்குங்க?”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “அன்னைக்குக் கரண்டே போவுலியே கண்ணு. அப்புசாமி செட்டுல நாள் பூரா ஓடுச்சே. எனக்குத்தான் என்னமோ, ஒரு நொடி சத்தமே கேக்காத மாதிரி இருந்துச்சு.”

மங்கலம் ஸ்டாப்பில் கண்டக்டர் விசில் அடித்தான். அப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, எதிர்க்காற்றில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, சாவகாசமாகப் படியில் இறங்கினார். அனுப்ரியா எழாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி, மாடிப்படி ஏறினார். அந்த வரியில் மட்டும் ‘ஏறினார்’ கோணலாக, கோட்டைவிட்டு மேலே போயிருந்தது. அதை எழுதும்போதுதான் அப்பா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார், தாள் பறந்தது, மாத்திரை அட்டை நழுவி விழுந்தது, இவள் முழங்கையை வைத்து அழுத்தினாள்... கரண்ட் போயிருந்தால் தாள் எதற்குப் பறந்தது? தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதானே இருந்தது.

கீழே அப்பா நின்று கையாட்டிக் கூப்பிட்டார். ரோட்டின் அந்தப் பக்கம், திருப்பூர் திரும்புகிற பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.