நட்சத்திரப் பலகை

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை நல்லவர். சிக்கலே அதுதான். நல்லவர்களுக்குத் திட்டம் போட வரும். பிள்ளைகளின் மூளை எந்தச் சந்தில் புகுந்து ஓடும் என்று தெரியாது. வாசலில் ஒரு பலகையை மாட்டி, நல்ல காரியம் செய்த பிள்ளையின் பெயருக்கு எதிரே நட்சத்திரம் ஒட்டச் சொன்னார். தொலைந்த பொருளைத் தேடிக் கொடுத்தால் இரண்டு.

"ஸ்கூலே ஒரே குடும்பமா மாறிடும், பாருங்க டீச்சர்" என்றார் என்னிடம்.

மாறியது. தண்ணீர் பாட்டில், ரப்பர், ஒற்றைச் செருப்பு என்று சகலமும் தொலைய ஆரம்பித்தன. தொலைந்த வேகத்திலேயே கிடைக்கவும் கிடைத்தன.

என் நாலாம் வகுப்பில் பலகையை நிரப்பியவள் ஒருத்தி. 'நட்சத்திரம்' என்றே அவளுக்குப் பெயராகிவிட்டது. அவள் பக்கத்தில் உட்காருகிறவள் 'சுண்டெலி'. ஆள் அவ்வளவுதான் இருப்பாள். தடித்த கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரே நிற்கும் ஆள் யாரென்று தெரியாது. அந்தக் கண்ணாடி ஒரு திங்கட்கிழமை விளையாட்டு வகுப்பில் காணாமல் போனது.

எங்கள் பள்ளி வழக்கப்படி அடுத்த மணிக்குள் அது கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. சுண்டெலி கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாமல் வெறும் நோட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு கண்ணாடி வர ஒரு மாதமாகும் என்று அவள் அம்மா வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மாலைதான் எனக்கு உறைத்தது. விளையாட்டு வாத்தியார் திங்கள் மதியமே காய்ச்சல் என்று தன் அறையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். அந்தப் பூட்டையே நட்சத்திரம் சுற்றிச் சுற்றி வந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஒரு முகம்.

நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"மேடம், நம்ம ஸ்கூல்ல தொலையறதெல்லாம் ஸ்டார் வாங்கறவங்க கைக்கே கிடைக்குதே, கவனிச்சீங்களா?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகம் சுருங்கிப் போயிற்று.

"கண்ணாடியை எடுத்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியும். ஒளிச்சு வச்ச கண்ணாடி விளையாட்டு சார் ரூம்ல மாட்டிக்கிச்சு. பேரைச் சொல்லவா?"

"வேணாம். நாளைக்குக் காலையில சார் வந்திடுவார், கதவைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கலாம். பேரைக் கேட்டுட்டா அந்தப் பிள்ளையை என்னால பழையபடி பார்க்க முடியாது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிடித்து நிறுத்தி நாலு வார்த்தை கேட்காமல் விட்டால் எது உருப்படும்?

மறுநாள் காலை எல்லாரும் வரிசையில் நின்றார்கள். விளையாட்டு வாத்தியார் சாவிக்கொத்தோடு வந்திருந்தார். நட்சத்திரத்தின் கண் அந்தக் கொத்தை விட்டு நகரவில்லை. அவள் கணக்கு எனக்குத் தெரியும். மணி அடித்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தால் பேரும் கெடாது, குட்டும் வெளிப்படாது.

தலைமையாசிரியை மைக் முன்னால் வந்தார். பலகை கழற்றப்பட்டு அவர் காலடியில் கிடந்தது.

"இதை மாட்டினது என் தப்பு. கண்டுபிடிச்சவங்களுக்குக் கை தட்டினேன். தொலைச்சவங்க என்ன பாடுபட்டாங்கன்னு ஒரு நாளும் கேட்கல. நாலாம் வகுப்புல ஒரு பொண்ணு கண்ணாடி இல்லாம தவிக்கிறா. அவகிட்ட நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மைக்கில் பெரியவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நட்சத்திரம் வரிசையை விட்டு வெளியே வந்தாள். மைக்குக்குப் போகவில்லை. நேரே சுண்டெலிக்கு முன்னால் போய் நின்றாள்.

சுண்டெலி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யாரு நிக்கிறது?"

நட்சத்திரம் இன்னும் கிட்டே போனாள். மூக்கோடு மூக்கு இடிக்காத குறை.

"நான்தான்" என்றாள். "ஒளிச்சு வச்சதும் நான்தான். சார் ரூம்ல, சுருட்டி வச்ச பாய்க்கு நடுவுல இருக்கு."

ராத்திரியெல்லாம் கோத்து வைத்திருந்த திட்டு எனக்கு மறந்தே போயிற்று. ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இத்தனை தைரியமா என்று இருந்தது.

சுண்டெலி நட்சத்திரத்தின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கூட்டிட்டுப் போ. படி வந்தா சொல்லு."